கப்பலில் வந்து இறங்கினால் போதுமா? பில் கேட்ஸையே 13 ஆண்டுகள் காக்கவைத்த கார்!

உலகப் பணக்காரர்கள் பட்டியலில் ஆண்டுக்கணக்கில் முதலிடத்தில் இருந்தவர் பில் கேட்ஸ். அவர் ஆசைப்பட்டு வாங்கிய ஒரு கார், கப்பலேறி அமெரிக்கா வந்து சேர்ந்த பிறகும் 13 ஆண்டுகள் அவர் கைக்குக் கிடைக்கவில்லை. பணம் பாக்கி இல்லை. காரில் கோளாறு இல்லை. ஆனாலும் அது சுங்கத் துறையின் பொறுப்பில் தூசி படிந்து நின்றது. காரணம் ஒன்றுதான். அமெரிக்கச் சாலையில் ஓட அந்தக் காருக்கு அனுமதி இல்லை.

அந்தக் கார் போர்ஷே 959. 1986-ல் வந்தது. பின்பக்கத்தில் 2.85 லிட்டர் எஞ்சின், இரண்டு டர்போ, நான்கு சக்கரங்களுக்கும் சக்தி, 450 குதிரைத்திறன். அன்றைக்கு உலகிலேயே மிக வேகமாகப் போகக்கூடிய கார்களில் ஒன்று. மொத்தமே 300 சொச்சம்தான் தயாரானது. இவ்வளவு பெருமை உள்ள காரை ஏன் உள்ளே விடவில்லை?

அதற்கான பதிலில்தான் வெளிநாட்டு அபூர்வ கார்களின் மொத்தக் கதையும் இருக்கிறது. யூடியூபில் ஜப்பான் கார்களைப் பார்த்துவிட்டு, 'ஒண்ணு இறக்கிட்டா என்ன?' என்று கனவு காண்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. 'வெளிநாட்டு கார், சீப்பா வருது' என்று யாரோ சொன்னதை நம்பி அட்வான்ஸ் கொடுக்கப் போகிறவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய கதையும்கூட.

வெளிநாட்டு டாக்டரும் வெளிநாட்டு காரும்

வெளிநாட்டில் மருத்துவம் படித்துவிட்டு ஊருக்கு வரும் ஒருவர் அடுத்த நாளே கிளினிக் திறந்துவிட முடியாது. இங்கே தகுதித் தேர்வு எழுத வேண்டும். கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். அவர் கெட்டிக்காரரா இல்லையா என்பது வேறு விஷயம். இந்த நாட்டின் விதிப்படி அவர் டாக்டரா என்பதுதான் முதல் கேள்வி.

கார்களுக்கும் இதே கதைதான். ஒவ்வொரு நாட்டுக்கும் தனி விதிகள் உண்டு. மோதினால் உள்ளே இருப்பவருக்கு எவ்வளவு பாதுகாப்பு, பம்பர் எந்த உயரம், ஹெட்லைட் வெளிச்சம் எந்தப் பக்கம் விழ வேண்டும், புகையில் என்னென்ன எவ்வளவு இருக்கலாம் எனப் பெரிய பட்டியல். இதையெல்லாம் சோதித்து, 'இந்த மாடல் எங்கள் சாலைக்குத் தகுதியானது' என்று நாடுகள் சான்று கேட்கின்றன. துறையில் இதை 'ஹோமோலோகேஷன்' என்பார்கள்.

லட்சக்கணக்கில் விற்கும் மாடலுக்கு இந்தச் செலவு ஒரு பொருட்டல்ல. ஆனால், 300 கார்கள் மட்டுமே செய்யும் நிறுவனம், மோதிப் பார்ப்பதற்காகவே சில கார்களை அமெரிக்காவுக்குக் கொடுக்குமா? போர்ஷே கொடுக்கவில்லை. மோதல் சோதனை நடக்காததால் சான்று இல்லை. சான்று இல்லாததால் சாலையும் இல்லை. வாங்கியவர் பில் கேட்ஸ் என்பதற்காகச் சட்டம் கொஞ்சமும் வளைந்து கொடுக்கவில்லை.

25 ஆண்டு சட்டம் எப்படி வந்தது?

1980-களின் முதல் பாதியில் அமெரிக்க டாலரின் மதிப்பு உச்சத்தில் இருந்தது. ஜெர்மனியில் ஒரு மெர்சிடீஸை வாங்கி, கப்பலில் ஏற்றி, அமெரிக்க விதிகளுக்கு ஏற்ப மாற்றம் செய்தாலும், உள்ளூர் ஷோரூம் விலையைவிடக் குறைவாகவே முடிந்தது. அதோடு, மெர்சிடீஸின் 500 எஸ்இஎல் போன்ற சக்திவாய்ந்த மாடல்களை அந்த நிறுவனம் அப்போது அமெரிக்காவில் விற்கவே இல்லை. ஆசைப்பட்டவர்கள் நேரடியாக இறக்குமதி செய்தார்கள். 1985-ல் மட்டும் 60 ஆயிரத்துக்கும் அதிகமான கார்கள் இப்படி வந்தன. இதற்கு 'கிரே மார்க்கெட்' என்று பெயர். கள்ளச் சந்தையும் இல்லை, முறையான ஷோரூம் சந்தையும் இல்லை, இரண்டுக்கும் நடுவே.

வந்த கார்களின் கதவுக்குள் இரும்புச் சட்டம் பொருத்த வேண்டும், புகையைச் சுத்திகரிக்கும் கருவி வைக்க வேண்டும், விளக்குகளை மாற்ற வேண்டும். இதற்கென்றே பட்டறைகள் முளைத்தன. சில பட்டறைகள் ஒழுங்காகச் செய்தன. சில, பேப்பரில் மட்டும் செய்தன. இன்னொரு பக்கம், ஷோரூம் போட்டு உட்கார்ந்திருந்த டீலர்களுக்கு வியாபாரம் அடிபட்டது. ஐரோப்பிய கார் நிறுவனங்களின் அமெரிக்கக் கிளைகளும் டீலர்களும் அரசுக்கு அழுத்தம் கொடுத்தார்கள். 1988-ல் புதிய சட்டம் வந்தது. 1990-ன் தொடக்கத்தில் நடைமுறைக்கும் வந்துவிட்டது.

அதன்படி, அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்படாத காரை இனி தனிநபர் நேரடியாக இறக்க முடியாது. அரசிடம் பதிவு பெற்ற இறக்குமதியாளர் வழியாகத்தான் வர வேண்டும். அந்த மாடலை விதிகளுக்கு ஏற்ப மாற்ற முடியும் என்பதை முதலில் நிரூபிக்க வேண்டும். காரின் மதிப்பில் ஒன்றரை மடங்குக்கு ஜாமீன் பத்திரம் கொடுக்க வேண்டும். மாற்றங்கள் முடியவில்லை என்றால், காரைத் திருப்பி அனுப்ப வேண்டும் அல்லது அழிக்க வேண்டும்.

இதில் ஒரே ஒரு வாசல் மட்டும் திறந்திருந்தது. தயாரித்து 25 ஆண்டுகள் ஆன காருக்கு இந்தப் பாதுகாப்பு விதிகள் எதுவும் கிடையாது. 21 ஆண்டுகள் தாண்டி, எஞ்சின் மாற்றப்படாமல் இருந்தால் புகை விதிகளிலிருந்தும் விலக்கு. கார் பிரியர்கள் மூச்சுக்கு மூச்சு சொல்லும் '25 ஆண்டு ரூல்' இதுதான்.

பாதுகாப்பைக் காரணம் காட்டி வந்த சட்டம் இது. ஆனால், ஐந்து வயதான, நல்ல பிரேக்கும் ஏர்பேக்கும் உள்ள காரைத் தடுத்துவிட்டு, அதே கார் துருப்பிடித்து 25 வயதான பிறகு, 'வா, ஓடு' என்கிறது. பழைய கார்கள் எண்ணிக்கையில் குறைவு, சேகரிப்பவர்கள் வைத்திருப்பது, அதிகம் ஓடாது என்பது இந்த விலக்குக்கான நியாயம். அந்த நியாயத்தையும் மறுக்க முடியாது. ஆனால், சட்டத்தின் பிறப்பில் பாதுகாப்போடு வியாபாரமும் கைகோத்திருந்தது என்பதை மறந்துவிட்டால் கதை பாதிதான் புரியும்.

'காட்சிக்கு மட்டும்' அனுமதி

பில் கேட்ஸ் போன்றவர்கள் சும்மா இருக்கவில்லை. வழக்கறிஞர்கள் மூலம் தொடர்ந்து முயன்றார்கள். 1998-ல் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. 1999-ல் விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதன் பெயர் 'ஷோ ஆர் டிஸ்ப்ளே'. வரலாற்று ரீதியாகவோ தொழில்நுட்ப ரீதியாகவோ முக்கியமான, பொதுவாக 500-க்கு மேல் தயாரிக்கப்படாத கார்களுக்குத் தனி அனுமதி. நிபந்தனை, ஆண்டுக்கு 2,500 மைல், அதாவது சுமார் 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக் கூடாது. போர்ஷே 959, மெக்லாரன் எஃப்1 போன்றவை இந்தப் பட்டியலில் இடம்பிடித்தன.

இந்த வாசல் யாருக்கு? 500-க்கும் குறைவாகச் செய்யப்பட்ட காரை வாங்கக்கூடியவர்களுக்கு. ஆயிரக்கணக்கில் தயாரான, நடுத்தர வர்க்க இளைஞர்கள் போஸ்டர் ஒட்டி ரசித்த கார்களுக்கு இது உதவவில்லை. அவற்றில் முதல் பெயர், நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர்.

'காட்ஸில்லா'வுக்காகக் காத்திருந்த தலைமுறை

1989-ல் ஜப்பானில் வந்த ஸ்கைலைன் ஜிடி-ஆர் 'ஆர்32', ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற பாத்தர்ஸ்ட் பந்தயத்தில் 1991, 1992 என அடுத்தடுத்து இரண்டு முறை வென்றது. ஆஸ்திரேலியப் பத்திரிகை ஒன்று அதற்கு வைத்த பட்டப்பெயர் 'காட்ஸில்லா'. 2.6 லிட்டர், ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ. 280 குதிரைத்திறனுக்கு மேல் போவதில்லை என்று ஜப்பான் நிறுவனங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் வைத்திருந்ததால், காகிதத்தில் 280 என்றுதான் இருக்கும். கொஞ்சம் மாற்றங்கள் செய்தால் அதைவிட அதிகம் கறக்கலாம் என்பது கார் பிரியர்களுக்குத் தெரியும்.

1995-ல் ஆர்33, 1999-ல் ஆர்34. கடைசியாகச் சொன்ன மாடல், 2003-ல் வந்த 'டூ ஃபாஸ்ட் டூ ஃபியூரியஸ்' படத்தில் பால் வாக்கர் ஓட்டியது. படம் பார்த்த அமெரிக்க இளைஞர்கள் அனைவருக்கும் அந்தக் கார் வேண்டும். ஆனால், நிஸான் அதை அமெரிக்காவில் விற்கவே இல்லை.

கலிஃபோர்னியாவின் மோட்டோரெக்ஸ் என்ற நிறுவனம் ஒரு வழி கண்டுபிடித்தது. சில ஆர்33 கார்களை மோதல் சோதனைக்கு உட்படுத்தி, 2000-வாக்கில் 1990 முதல் 1999 வரையிலான ஸ்கைலைன்களுக்கு இறக்குமதித் தகுதி வாங்கியது. கனவு கைகூடியதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். பிறகு சிக்கல் வெளிவந்தது. ஆர்33-ல் செய்த சோதனை, ஆர்32-க்கும் ஆர்34-க்கும் பொருந்தாது; அவை வேறு வேறு கார்கள். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு ஆணையம் அந்தத் தகுதியை வெட்டிச் சுருக்கி, 1996 - 1998 ஆண்டுகளின் ஆர்33-க்கு மட்டும் என்று ஆக்கியது. அந்த நிறுவனமும் மூடப்பட்டது. காருக்குப் பணம் கட்டிவிட்டுக் காத்திருந்தவர்களுக்குக் காத்திருப்புதான் மிச்சம்.

பிறகு ஒரே வழி, காலண்டரைப் பார்ப்பது. 2014 ஆகஸ்ட்டில் முதல் ஆர்32-க்கு 25 வயது ஆனது. 2020-ல் ஆர்33. 2024 ஜனவரியில் ஆர்34. படம் வந்தபோது பள்ளியில் படித்த பையன்கள், அந்தக் காரைச் சட்டப்படி ஓட்டும்போது நாற்பதை நெருங்கியிருந்தார்கள். இத்தனைக்கும் பக்கத்து நாடான கனடாவில் வயது வரம்பு 15 ஆண்டுகள்தான். நம் தமிழர்கள் நிறைய வாழும் டொரன்டோவில் 2014-லேயே ஆர்34 ஓட ஆரம்பித்துவிட்டது. எல்லைக்கு இந்தப் பக்கம் முறையான கார். அந்தப் பக்கம் தடை செய்யப்பட்ட கார்!

இதற்குள் விலை எங்கேயோ போய்விட்டது. ஆர்34 ஜிடி-ஆர் மொத்தம் சுமார் 11,500தான் தயாரானது. 2009-ல் வந்த 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' படத்தில் பால் வாக்கர் ஓட்டிய நீல நிற ஆர்34, 2023-ல் நடந்த ஏலத்தில் 13.57 லட்சம் டாலருக்குப் போனது.

மாதக் கணக்கும் முக்கியம்

25 ஆண்டு என்றால் தோராயமாக அல்ல. தயாரிப்பு மாதத்திலிருந்து கணக்கு. ஜப்பானிய ஆவணங்களில் முதல் பதிவு மாதம்தான் இருக்கும். தயாரிப்பு மாதம் இருக்காது. எனவே சேஸிஸ் எண்ணை வைத்துத் தயாரிப்பு மாதத்தைத் தனியாகக் கண்டறிந்து நிரூபிக்க வேண்டும். துறைமுகத்தில் 'ஹெச்எஸ்-7' என்ற படிவத்தில், 'இந்தக் காருக்கு 25 வயது ஆகிவிட்டது' என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும். ஒரு மாதம் முன்னால் வந்து நின்றாலும் சிக்கல்தான்.

சுங்கம் விட்டுவிட்டால் வேலை முடிந்ததா? அதுவும் இல்லை. பதிவெண் கொடுப்பது மாநில அரசு. கலிஃபோர்னியாவில் 1976-க்குப் பிந்தைய இறக்குமதி கார்கள் தனி ஆய்வகத்தில் புகைச் சோதனையில் தேற வேண்டும். அதற்கான மாற்றங்களுக்கே ஆயிரக்கணக்கான டாலர்கள் செலவாகும்.

இவ்வளவு தடைகள் இருந்தால் குறுக்கு வழியும் இருக்கும் அல்லவா? பழைய காரின் எண்ணைப் புதிய காரில் பொருத்தி, வயதைக் கூட்டிக் காட்டுவது அதில் ஒன்று. இப்படி வந்த ஒரு மினி காரை 2013-ல் அமெரிக்கச் சுங்கத் துறை இயந்திரத்தில் போட்டு நசுக்கியது. அந்த வீடியோவையும் வெளியிட்டது. கார் பிரியர்களுக்கு அது கொலைக் காட்சி. அரசுக்கு அது எச்சரிக்கை விளம்பரம்.

2014 ஜூலையில் நடந்தது வேறு மாதிரி. பல மாநிலங்களில் ஒரே நாளில் 40 லேண்ட் ரோவர் டிஃபெண்டர்களை அதிகாரிகள் பறிமுதல் செய்தார்கள். உரிமையாளர்கள் முறைப்படி பதிவு செய்து, வரி கட்டி ஓட்டிக்கொண்டிருந்தவர்கள். அவர்களில் பலர் வழக்குப் போட்டுப் போராடி, அடுத்த ஆண்டுதான் கார்களைத் திரும்பப் பெற்றார்கள். ஆவணம் சரியாக இருந்தவர்களுக்கே அந்த அலைச்சல்!

ஜப்பான் ஏன் விடுகிறது?

இத்தனை பேர் தவமிருக்கும் கார்களை ஜப்பான் எப்படி வெளியே விடுகிறது? அங்கே 'ஷாக்கன்' என்றொரு கட்டாயப் பரிசோதனை உண்டு. புதிய காருக்கு மூன்று ஆண்டுகள் கழித்து, பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை. ஒவ்வொரு முறையும் பரிசோதனை, காப்பீடு, வரி எனக் கணிசமான செலவு. 13 ஆண்டுகள் தாண்டிய பெட்ரோல் காருக்கு வரியும் கூடும். பழைய காரை வைத்திருப்பதைவிட விற்பது லாபம் என்ற நிலை. எனவே, நல்ல நிலையில் இருக்கும் கார்களே ஏலத்துக்கு வந்துவிடுகின்றன. அங்கிருந்து கப்பலேறுகின்றன.

ஜப்பானிலும் ஸ்டீயரிங் வலது பக்கம். இந்தியாவிலும் வலது பக்கம். அப்படியென்றால், அமெரிக்கர்களைவிட நமக்குத்தானே இது சுலபம்?

இந்தியாவில் கணக்கே தலைகீழ்

அமெரிக்கா, '25 வயது ஆன பிறகு வா' என்கிறது. இந்தியா, 'மூன்று வயதுக்குள் வா' என்கிறது. இந்திய இறக்குமதிக் கொள்கைப்படி, பயன்படுத்திய கார் தயாரித்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. வலப் பக்க ஸ்டீயரிங் வேண்டும். ஸ்பீடோமீட்டர் கிலோமீட்டரில் இருக்க வேண்டும். ஹெட்லைட் இடப் பக்கம் செல்லும் போக்குவரத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். குறைந்தது ஐந்து ஆண்டுகள் ஓடத் தகுதியானது என்ற உறுதியும், அந்தக் காலத்துக்கு இங்கே சர்வீஸ் வசதியும் வேண்டும். இறக்குவது மும்பைத் துறைமுகம் வழியாக மட்டுமே. இறங்கிய பிறகு புனேயில் உள்ள ஏஆர்ஏஐ போன்ற அங்கீகரிக்கப்பட்ட மையத்தின் சோதனையிலும் தேற வேண்டும்.

இதன்படி, 2002-ல் தயாரிப்பு நின்றுபோன ஆர்34-ஐ இங்கே பயன்படுத்திய காராக இறக்கவே முடியாது. 'விண்டேஜ்' என்று பதிவு செய்யலாமா? 2021-ல் வந்த விதிகளின்படி, விண்டேஜ் வாகனத்துக்கு 50 வயது ஆகியிருக்க வேண்டும். முதல் ஆர்34-க்கு 50 வயதாவது 2049-ல். அப்படியே பதிவு செய்தாலும், 'விஏ' என்ற எழுத்துகளோடு தனி நம்பர் பிளேட் கிடைக்கும். கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புவது போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். தினமும் ஆபீஸ் போய்வர முடியாது.

புதிய கார் என்றால் வழி கொஞ்சம் அகலம். சென்னை உட்படப் பல துறைமுகங்களில் இறக்கலாம். 2018 முதல், கார் நிறுவனங்களும் அவற்றின் அங்கீகரிக்கப்பட்ட பிரதிநிதிகளும் ஆண்டுக்கு 2,500 கார்கள் வரை இங்கே ஹோமோலோகேஷன் இல்லாமலே கொண்டுவரலாம். சர்வதேசத் தரச் சான்று இருந்தால் போதும். சூப்பர் கார் நிறுவனங்கள் ஒவ்வொரு மாடலையும் இங்கே மோதிக் காட்டாமலே விற்க முடிவது இதனால்தான்.

ஆனால், வரி? 40 ஆயிரம் டாலருக்கு மேல் மதிப்புள்ள புதிய காருக்கு, அடிப்படைச் சுங்க வரியும் வேளாண் உள்கட்டமைப்பு வரியும் சேர்த்துப் பொதுவாக 110 சதவிகிதம். ஒரு கோடி ரூபாய் மதிப்புள்ள கார் துறைமுகத்துக்கு வந்தால், அது 2.10 கோடி ஆகிவிடும். அதன் மீது 40 சதவிகித ஜிஎஸ்டி, 84 லட்சம். ஆகமொத்தம் 2.94 கோடி. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள காருக்கு 20 சதவிகித சாலை வரி தனி. இன்ஷூரன்ஸ் தனி. பழைய காருக்குச் சுங்க வரி இன்னும் அதிகம். பிரிட்டனுடன் 2025 ஜூலையில் கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தம், குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள் வரும் கார்களுக்கு வரியைப் படிப்படியாகக் குறைக்க வழி செய்கிறது. அதுவும் எல்லோருக்கும் எல்லா காருக்கும் இல்லை.

சச்சினுக்கும் விஜய்க்கும் வந்த சோதனை

2002-ல் டான் பிராட்மேனின் 29 டெஸ்ட் சதங்களைச் சச்சின் டெண்டுல்கர் சமன் செய்தார். அதைக் கௌரவித்து ஃபியட் நிறுவனம் அவருக்கு ஃபெராரி 360 மொடெனா காரைப் பரிசளித்தது. சாவியைக் கொடுத்தவர் மைக்கேல் ஷூமாக்கர். கார் இந்தியா வந்தபோது, ஒரு கோடி ரூபாய்க்கும் மேல் சுங்க வரி. மத்திய அரசு விலக்கு அளித்தது. 'கோடீஸ்வரர் காருக்கு ஏன் வரிச் சலுகை?' என்று நாடு முழுக்க விவாதம் கிளம்பியது. விஷயம் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் அந்த வரியை ஃபியட் நிறுவனமே கட்டியது.

தமிழ்நாட்டில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். இங்கிலாந்திலிருந்து 2012-ல் இறக்குமதி செய்த ரோல்ஸ் ராய்ஸ் கோஸ்ட் காருக்கு, சுங்க வரி கட்டிய பிறகும் மாநில அரசு நுழைவு வரி கேட்டதை எதிர்த்து நடிகர் விஜய் சென்னை உயர் நீதிமன்றம் சென்றார். 2021 ஜூலையில் வழக்கைத் தள்ளுபடி செய்த தனி நீதிபதி, ஒரு லட்ச ரூபாய் அபராதமும் விதித்தார். மேல்முறையீட்டில் அபராதத்துக்குத் தடை கிடைத்தது. 2022-ல் தீர்ப்பில் இருந்த கடுமையான விமர்சனங்களும் நீக்கப்பட்டன. நுழைவு வரியே 2017-ல் ஜிஎஸ்டி-க்குள் கரைந்துவிட்டது. ஆனால், ஒரு காருக்கு மத்திய அரசு ஒரு கதவு, மாநில அரசு இன்னொரு கதவு என்பது இன்றும் மாறவில்லை.

வெளிநாட்டு நம்பர் பிளேட்டோடு ஓடுதே, அது எப்படி?

துபாய், லண்டன் நம்பர் பிளேட்டோடு சில சூப்பர் கார்கள் நம் ஊர்ச் சாலைகளில் ஓடுவதை வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். அவை பெரும்பாலும் 'கார்னே' என்ற ஆவணத்தில் வந்தவை. காருக்கான பாஸ்போர்ட் என்று வைத்துக்கொள்ளலாம். சுற்றுலாவாக வருபவர் வரி கட்டாமல் காரைக் கொண்டுவந்து, பொதுவாக ஆறு மாதங்களுக்குள் திருப்பி எடுத்துச் செல்ல வேண்டும். இங்கே விற்கக் கூடாது. இங்கே பதிவும் செய்ய முடியாது. கெடு தாண்டி ஒளித்து வைத்தால், அது சுற்றுலா கார் அல்ல, கடத்தல் கார்.

கடைசியில் மாட்டுவது யார்?

2025 செப்டம்பரில் கேரளாவில் சுங்கத் துறை ஒரே நாளில் பல இடங்களில் சோதனை நடத்தியது. 'ஆபரேஷன் நும்கோர்' என்று பெயர். 'நும்கோர்' என்றால் பூட்டான் மொழியில் வாகனம். பூட்டானிலிருந்து பழைய சொகுசு வாகனங்களைச் சட்டவிரோதமாகக் கொண்டுவந்து, போலி ஆவணங்களால் இங்கே பதிவு செய்து விற்றிருக்கிறார்கள் என்பது சந்தேகம். 30-க்கும் மேற்பட்ட வாகனங்கள் பறிமுதல் ஆயின. மலையாள சினிமா பிரபலங்களின் வீடுகளிலும் சோதனை நடந்ததால் அது தலைப்புச் செய்தி ஆனது.

அந்தப் பரபரப்பில் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. இப்படிப்பட்ட வாகனம் முதலில் கொண்டுவந்தவரிடம் நிற்பதில்லை. இரண்டு, மூன்று கை மாறுகிறது. ஆர்.சி. இருக்கிறது, இன்ஷூரன்ஸ் இருக்கிறது, நம்பர் பிளேட் இருக்கிறது என்று நம்பி வாங்கியவர் வீட்டு வாசலில்தான் அதிகாரிகள் வந்து நிற்கிறார்கள். முறைகேடாக இறக்குமதியான பொருள் யார் கையில் இருந்தாலும் பறிமுதலுக்கு உரியது என்பது சுங்கச் சட்டம். 'எனக்குத் தெரியாது' என்பது உங்களைச் சிறையிலிருந்து காப்பாற்றலாம். காரைக் காப்பாற்றாது.

எனவே, இறக்குமதி காரை செகண்ட் ஹேண்டில் வாங்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

• 'பில் ஆஃப் என்ட்ரி' கேளுங்கள். துறைமுகத்தில் வரி கட்டியதற்கான அடிப்படை ஆவணம் இதுதான். அதில் உள்ள சேஸிஸ் எண், கட்டிய வரி, இறக்குமதி செய்தவர் பெயர் மூன்றையும் பாருங்கள். 'தொலைந்துவிட்டது' என்றால், அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

• சேஸிஸ் எண்ணை நேரில் பாருங்கள். காரில் பொறித்திருப்பது, ஆர்.சி-யில் இருப்பது, பரிவாஹன் தளத்தில் காட்டுவது என மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். சுரண்டிய தடம், புதிய வெல்டிங் இருந்தால் நம்பாதீர்கள்.

• வயதைக் கணக்கிடுங்கள். தயாரித்த ஆண்டுக்கும் இந்தியாவில் முதலில் பதிவான ஆண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தால், எந்த விதியின் கீழ் வந்தது என்று கேளுங்கள்.

• ஸ்டீயரிங்கைக் கவனியுங்கள். இடப் பக்கம் இருந்ததை வலப் பக்கம் மாற்றிய அடையாளம் தெரிந்தால், அது நேர் வழியில் வந்திருக்க வாய்ப்புக் குறைவு.

• தூதரக வண்டி என்றால் கூடுதல் கவனம். தூதரக அதிகாரிகள் வரியின்றி கார் கொண்டுவரலாம். அதை வெளியாருக்கு விற்கும்போது சுங்க வரி விதிகள் மீண்டும் உயிர் பெறும். அதற்கான சுங்க அனுமதிக் கடிதம் இல்லாமல் வாங்கக் கூடாது.

• வெளிமாநிலப் பதிவு என்றால் விசாரியுங்கள். வரி குறைவு என்பதற்காகப் புதுச்சேரி முகவரியில் சொகுசு கார்களைப் பதிவு செய்த கேரளப் பிரபலங்கள் 2017-ல் வழக்குகளைச் சந்தித்தார்கள். 12 மாதங்களுக்கு மேல் இங்கே ஓடும் வண்டிக்கு இங்கே மறுபதிவும் வரியும் கட்டாயம்.

இதையெல்லாம் ஒரு மெக்கானிக்கிடம் மட்டும் காட்டினால் போதாது. எஞ்சின் சத்தத்தை வைத்து அவர் காரின் உடம்பைச் சொல்லிவிடுவார். காரின் பிறப்புச் சான்றிதழைச் சொல்ல, சுங்க வேலை தெரிந்த ஒருவர் வேண்டும். சில ஆயிரம் ரூபாய் கொடுத்து ஒரு கஸ்டம்ஸ் புரோக்கரிடமோ வழக்கறிஞரிடமோ ஆவணங்களைக் காட்டுவது, பல லட்சம் கொடுத்து அழுவதைவிட மேல்.

காரை விற்க வருபவர் எத்தனை குதிரைத்திறன், எத்தனை விநாடியில் நூறைத் தொடும் என்பதை எல்லாம் மூச்சுவிடாமல் சொல்வார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். சொல்லி முடித்ததும், 'எந்தத் துறைமுகத்தில் இறங்கியது, எவ்வளவு வரி கட்டினீர்கள்?' என்று கேளுங்கள். அதற்கும் அதே வேகத்தில் பதில் வந்தால் மட்டும் அட்வான்ஸ் கொடுங்கள்!